மருந்துக்காரி ஊட்டுக் குட்டிகள்

வெள்ளகோவில் தோட்டம்
10.2.2025

அன்புள்ள அக்கா தெய்வாத்தாளுக்குத் தங்கச்சி காளியாத்தாள் எழுதுவது. இங்கே நானும் முப்பது செம்மறிக் குட்டிகளும் கல்லாட்டம் இருக்கிறோம். சூலூரில் நீயும் செங்கோடன் மாமாவும் மகள் லோகப்பிரியாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி போடு.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிப்போடுகிறேன். மூன்று நாளாக நான் ஆட்டுத் தீனியைத் தின்றுகொண்டிருக்கிறேன். பூண்டு, ஓமம், மஞ்சள், கருப்பட்டி எல்லாம் இடித்து உருண்டை பிடித்து வைத்தேன். குட்டிக்குப் பிடிக்குமா என்று பார்க்க ஒன்றை வாயில் போட்டேன். அப்புறம் இன்னொன்று. எனக்கிருந்த வாயுத் தொல்லை போன இடம் தெரியவில்லை. நேற்று ஒரு குட்டி என் வாயை முகர்ந்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தது. பங்கு எங்கே போகிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

தறிச் சத்தத்தில் உன் காது போனதிலிருந்து போன் போட்டும் பிரயோசனம் இல்லை. வாட்சப்பில் போட்டால் உன் மகள் முதலில் படித்துவிடுகிறாள். அதனால்தான் இந்த மூணாப்புக் கையெழுத்து. பொறுத்துக்கொள்.

போன பக்ரீத் கதை உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். எழுத எழுத எனக்கு ஆத்திரம் ஏறுகிறது, அது உடம்புக்கு நல்லதாக இருக்கிறது. எங்கள் பங்காளி, என் கொழுந்தனார் ரங்கராஜ் இருக்கிறாரே, அவர் மேய்ச்சல் கொறங்காட்டுக்கும் என் கொறங்காட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். அந்த வேலி மேலாகத்தான் டப்பாவை நீட்டினார். "நங்கையா, தினமும் ஒரு கரண்டி தீனியில போடுங்க, குட்டி சீக்கிரம் ஏறும்ங்க." அண்ணன் பொண்டாட்டியை நங்கையா என்று கூப்பிடுகிற வாய், நம்பினேன். அது ஆன்டிபயாடிக் பவுடர். விற்பதற்கு ஒரு மாசம் முன்னால் நிறுத்த வேண்டும் என்று டப்பாவில் இங்கிலீசில் எழுதியிருந்ததாம். அவர் குட்டிகளுக்கு அவர் நிறுத்தினார். என்னிடம் சொல்லவில்லை. பக்ரீத்துக்குக் குட்டி வாங்குகிற கோயமுத்தூர் ரசாக் பாய் கறியைச் சோதித்ததும் என் பட்டி மொத்தமும் திரும்பி வந்தது. கொழுந்தனார் சந்தையில் மினிலாரி மேல் ஏறி நின்று, "அது மருந்துக் குட்டிங்க, நங்கையாளுக்கு வயசாயிருச்சு, அளவு தெரியலை" என்று சொல்லிவிட்டுத் தன் குட்டிகளை அதே லாரியில் ஏற்றினார். அன்றைக்கிருந்து ஊரில் என் பேர் மருந்துக்காரி. உன் தம்பி மாதிரி இருந்த என் வீட்டுக்காரர் செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

இந்த வருசம் ஒரு சிட்டிகை பவுடர் கிடையாது. கால்நடை ஆஸ்பத்திரிக்கு மிஸ்பா என்று ஒரு பெண் டாக்டர் வந்திருக்கிறாள். "நோயே இல்லாத குட்டிக்குத் தினமும் போட்டா, நோய் வந்த அன்னிக்கு மருந்து கேட்காதுங்கம்மா" என்றாள். உருண்டை, மோர், கொறங்காட்டில் விழுகிற வெள்வேலங்காய் இடித்த பொடி, எல்லாம் அவள் சொன்ன அளவு. என் குட்டி சுத்தம் என்று ரங்கராஜ் அதே வாயால் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதுவரை சாக மாட்டேன் என்று குட்டிகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இருப்பதிலேயே பேராசை பிடித்த குட்டிக்கு ரங்கராஜ் என்று பேர் வைத்திருக்கிறேன்.

உன் காலைப் பார்த்துக்கொள், படியில் மெதுவாக இறங்கு.
காளி


சூலூர்
19.2.2025

கண்ணு காளிக்கு. இங்கே எல்லாரும் சுகம். எனக்கு முட்டி வலிதான்.

ஆட்டுத் தீனி தின்னாதே. வெளியே சொல்லாதே. குட்டிக்கு வைத்த பேரை மாற்று. அவர் நமக்கு உறவுக்காரர். ஒரு வயசுக்கு மேல் கோபத்தைத் தூக்கிச் சுமக்கக் கூடாது.

அவர் மகன் கவின் என்ன செய்கிறான்? திருப்பூரில் வேலை என்றார்களே. பழக்க வழக்கம் எப்படி? என்ன உயரம் இருப்பான்? சும்மா கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் அம்மணி.
தெய்வாத்தாள்


வெள்ளகோவில் தோட்டம்
27.2.2025

அக்காளுக்கு. முப்பதும் சுகம், முப்பத்தொன்றாவதாக நானும் சுகம். முட்டிக்கு நல்லெண்ணெய் போடு.

கவின் உயரம் உனக்கு எதற்கு, அவனுக்குச் சட்டை தைக்கப் போகிறாயா? சரி, கேட்டதற்குப் பதில். என் பட்டி வாசல் படலைவிட ஒரு சாண் உயரம். குடி கிடையாது. போன ஐப்பசியில் என் கிணற்று மோட்டார் நின்றபோது அப்பனுக்குத் தெரியாமல் வந்து மாட்டிக் கொடுத்தான். அப்பன் மேல் உள்ள வஞ்சத்தை மகன் மேல் காட்ட எனக்கு மனசு வரவில்லை. அப்பனுக்கே அது போதாமல் இருக்கிறது.

இந்த வஞ்சத்தால் ஒரு தப்பும் செய்துபோட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் குட்டிகள் மொழுமொழு என்று நிற்பதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. வெள்வேலங்காய்ப் பொடியை டாக்டர் சொன்னதற்கு மேல் ரெண்டு கை சேர்த்துப் போட்டேன். நாலே நாளில் முப்பதும் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தன. மிஸ்பா வந்து தராசில் தூக்கிப் பார்த்தாள். "காய்ல துவர்ப்பு ஜாஸ்திங்கம்மா. அளவா இருந்தா வயித்துப் பூச்சிக்கு நல்லது, அதிகமானா பசியைக் கெடுக்கும். யார் மேல கோபம், குட்டி மேலயா?" என்று கேட்டாள். ரங்கராஜ் மேல் என்றேன். எந்த ரங்கராஜ் என்று பட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பேர் மாற்றுவதாக இல்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.
காளி


வெள்ளகோவில் தோட்டம்
24.3.2025

அக்காளுக்கு. நீ எழுதவில்லை. தபால்காரரை நாலு நாள் திட்டினேன். அவர் பையைத் திறந்து காட்டிவிட்டார், பாவம்.

ரங்கராஜுக்குச் சளி. பதறாதே, குட்டியைச் சொல்கிறேன். மூச்சு இழுத்தது, காய்ச்சல் கொதித்தது. பூண்டும் மஞ்சளும் எனக்கு வாயுவை விரட்டின, இதற்குக் கேட்கவில்லை. மிஸ்பாவுக்குப் போன் போட்டேன். வந்தவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நிஜமாவே நோய்ங்கம்மா, இதுக்கு ஆன்டிபயாடிக்தான். வேணாம்னா செத்துரும்" என்றாள். ஒரு பேருக்காக ஒரு உயிரை விடுவதா? போடச் சொன்னேன்.

போட்டு நிமிர்ந்தால் வேலிக்கு மேலே கொழுந்தனார் தலை. "ஏனுங்க நங்கையா, மறுபடியும் ஊசியா?" என்று சிரித்தார். அடுத்த நாள் டீக்கடையெல்லாம் அதே பேச்சு. டாக்டரிடம் என்றைக்கு எந்தக் குட்டிக்கு என்ன ஊசி என்று எழுதி வாங்கிக்கொண்டேன். குட்டி கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டித் தனியாகப் பிரித்துவிட்டேன். இருபத்தெட்டு நாள் கழித்து விற்கலாமாம். நான் விற்பதாக இல்லை. இந்த ஒன்று மட்டும் நான் செத்த பிறகும் உயிரோடு இருக்கட்டும், ரங்கராஜ் என்று கூப்பிட ஊரில் ஒரு நல்ல ஜீவன் வேண்டும்.

இன்னொன்று. அவர் பட்டியிலும் இருமல் கேட்கிறது. தீவனக்கடை வரதராஜுலு வண்டி வாரம் ரெண்டு தடவை வருகிறது. காலி டப்பாக்களை வேலியோரம் எறிகிறார்கள். நான் எண்ணவில்லை, அடுக்கி மட்டும் வைத்திருக்கிறேன்.

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.
காளி


வெள்ளகோவில் தோட்டம்
20.4.2025

அக்காளுக்கு. உடம்புக்கு முடியவில்லையா, இல்லை கைக்கா? ரெண்டு மாசமாக ஒரு கார்டு இல்லை.

நேற்றுக் கல்யாணத் தரகர் தமிழ்ச்செல்வன் இந்தப் பக்கம் வந்தார். வெயிலுக்கு மோர் கேட்டார், குட்டிகளுக்கு வைத்திருந்த மோரையே கொடுத்தேன். ரெண்டு சொம்பு குடித்துவிட்டு நிறையப் பேசினார். யார் ஊட்டில் என்ன விசேசம், யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எல்லாம். நான் அதை இங்கே எழுதப் போவதில்லை.

சூலூரில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். எனக்கு எல்லாரோடும் போக்குவரத்து உண்டு.
காளி


சூலூர்
3.5.2025

காளிக்கு. சுகம். கரண்ட் சரியில்லை, தறி வேலை ஜாஸ்தி, எழுத நேரம் இல்லை. தரகர் என்ன சொன்னார்? பக்ரீத்துக்கு ரங்கராஜ் குட்டிகளையும் ரசாக் பாய் எடுக்கிறாரா? ஏதும் சண்டை வைத்துக்கொள்ளாதே.
தெய்வாத்தாள்


வெள்ளகோவில் தோட்டம்
30.5.2025

அக்காளுக்கு. நான் சுகம் என்பது ரொம்பக் குறைவான வார்த்தை.

பத்து நாளைக்கு முன்னால் ரசாக் பாய் வந்தார். போன வருசத்து நினைவில் படலுக்கு வெளியிலேயே நின்றார். "உள்ள வாங்க பாய், குட்டி கடிக்காது, நான்தான் கடிப்பேன்" என்றேன். உள்ளே வந்து ஒவ்வொன்றாக முதுகைப் பிடித்துப் பார்த்தார். உருண்டையைக் காட்டினேன். பொடியைக் காட்டினேன். ஊசிக் காகிதத்தையும் சிவப்புக் கயிற்றையும் நானே காட்டினேன். அவர் கேட்கவில்லை, அதனால்தான் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்தார்.

"பக்கத்துப் பட்டியும் எடுக்கலாம்னு இருக்கேம்மா. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

அக்கா, நான் ஒரு வருசம் காத்திருந்த கேள்வி அது. அடுக்கி வைத்த டப்பாக்கள் என் கோழிக்கூண்டுக்குப் பின்னால்தான் இருந்தன. கை நீட்டினால் போதும். நான் நீட்டவில்லை. "ரெண்டு பட்டியிலயும் ஒவ்வொரு குட்டி முதல்ல எடுத்துச் சோதிச்சுப்போட்டு அப்புறம் ஏத்துங்க பாய்" என்றேன். அவ்வளவுதான் என் வாயில் வந்தது.

கொழுந்தனார் சிரித்துக்கொண்டே தன் குட்டியைப் பிடித்துக் கொடுத்தார். இருமல் நிற்கவில்லை என்று கடைசி வாரம் வரைக்கும் பவுடர் போட்டிருக்கிறார், அது அவருக்கும் வரதராஜுலுவுக்கும் என் கோழிகளுக்கும்தான் தெரியும். நேற்று லேபில் இருந்து பதில் வந்தது. என்னது சுத்தம். அவரது மொத்தமும் வேண்டாம் என்று பாய் சொல்லிவிட்டார். லாரி அவர் வாசலில் நிற்காமல் என் படலுக்கு வந்தது. பதினெட்டு ஏறின, சோதனைக்குப் போனதும் சிவப்புக் கயிறும் இல்லாமல். கொழுந்தனார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். நான் ஒவ்வொரு குட்டியையும் ஏற்றும்போது மெதுவாகத்தான் ஏற்றினேன். அவசரம் ஒன்றும் இல்லை பார்.

மீதி பத்துக் குட்டிகளை எடை போதவில்லை என்று நிறுத்திக்கொண்டேன். எடை போதும்.

வெயிலில் அலையாதே.
காளி


சூலூர்
11.6.2025

கண்ணு காளி,

சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. பிப்ரவரியிலேயே எழுத வேண்டியதை இப்போது எழுதுகிறேன். லோகுவுக்குக் கவினைப் பேசியிருக்கிறோம். குலக் கூட்டம் வேறு, முறை தடுக்காது என்று தரகர் சொன்னார். ஆவணியில் கல்யாணம். உன்னிடம் சொன்னால் நீ கெடுத்துவிடுவாய் என்று பயந்தேன். நீ கெடுக்கவில்லை, அவனைப் பற்றி நல்லதாகத்தான் எழுதினாய். அந்தக் கடிதத்தைப் படித்துத்தான் மாமா சரி என்றார்.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கவின் அம்மா, "மருந்துக்காரி உங்க தங்கச்சிதானுங்களே, வந்து போய் இருப்பாங்களா?" என்று கேட்டாள். எனக்குக் காது கேட்காவிட்டாலும் உதட்டைப் பார்த்துப் படிப்பேன், உனக்குத் தெரியும். படித்துவிட்டு நான், "எங்களுக்கும் அவளுக்கும் அவ்வளவாப் போக்குவரத்து இல்லீங்க" என்று சொல்லிப்போட்டேன். அதற்கப்புறம் உனக்கு எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. உன் ஏப்ரல் கடிதத்தின் கடைசி வரியைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

காது போனவளுக்கு வாயும் சேர்ந்து போயிருக்கலாம்.

இப்போது அவர்கள் ஊட்டில் ஒரே இழவு மாதிரி இருக்கிறதாம். நீதான் பாயிடம் சொல்லிக் கெடுத்தாய் என்று ரங்கராஜ் பேசுகிறார். அந்தச் சித்தி இருக்கிற ஊட்டில் பெண் எடுப்பதா என்று யோசிக்கிறார்களாம். லோகு சாப்பிடாமல் கிடக்கிறாள். என் மேல் என்ன கோபம் இருந்தாலும் காட்டு. அவளை விட்டுவிடு.

தெய்வாத்தாள்


வெள்ளகோவில் தோட்டம்
16.6.2025

அக்காளுக்கு. முதலில் லோகுவுக்குச் சோறு போடு. ஓம உருண்டை வேண்டுமானால் அனுப்புகிறேன், பசி எடுக்கும்.

உன் மேல் கோபம் இருந்தது. ரெண்டு மாசம் உன்னைப் பேர் சொல்லித் திட்டினேன். இன்னொரு குட்டிக்கு உன் பேர் வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். பெட்டைக் குட்டி இல்லை, தப்பித்தாய்.

கல்யாணத்தை நான் நிறுத்த மாட்டேன். நடத்தித்தான் என் பழியைத் தீர்ப்பேன். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை ஊட்டில் கறி விருந்து போட வேண்டும் இல்லையா? அதில் என்ன கறி என்று கேட்கப் பெண் ஊட்டுக்கு உரிமை உண்டு. மாமா போய் இப்படிச் சொல்லட்டும்: "எங்க சனம் மருந்துக் குட்டி தின்னாதுங்க. காளியாத்தா பட்டிக் குட்டின்னா உக்காருவோம்."

ஆவணிக்கென்று பத்துக் குட்டிகளைப் போன மாசமே நிறுத்தி வைத்திருக்கிறேன். எடை போதவில்லை என்று எழுதியது பொய்.

ரெண்டு நிபந்தனை. ஆள் அனுப்பக் கூடாது, ரங்கராஜே என் படலுக்கு வந்து வாயைத் திறந்து கேட்க வேண்டும். விருந்தில் இலை போடும் முன்னால், சந்தை ஆட்களும் ரசாக் பாயும் இருக்கும்போது, மைக்கில் மூன்று வரி சொல்ல வேண்டும். டப்பாவைக் கொடுத்தது நான். நிறுத்தச் சொல்லாதது நான். நங்கையா குட்டி நல்ல குட்டி. நாலாவது வரி வேண்டாம், அவர் அழுதால் எனக்குப் பிடிக்காது.

குட்டிகள் கறி ஆவதற்கு முன்னால் அவர் கொஞ்சம் வேகட்டும்.
காளி


சூலூர்
9.7.2025

கண்ணு காளிக்கு. லோகு சாப்பிடுகிறாள். மாமா போய்ச் சொல்லிவிட்டார். ரங்கராஜ் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாராம். அப்புறம் கவின், "நீங்க போகலைன்னா நான் போயி கேட்கறேங்கப்பா, நீங்க செஞ்சதையும் நானே மைக்ல சொல்றேன்" என்றானாம். அதற்கப்புறம்தான் சரி என்றாராம்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை வருகிறார். உட்காரச் சொல். மோர் கொடு.
தெய்வாத்தாள்


வெள்ளகோவில் தோட்டம்
2.9.2025

அக்காளுக்கு. விருந்தில் நீ கிளம்பின அவசரத்தில் பேச முடியவில்லை. உன் காதில் கத்தினால் சம்பந்திக்கும் கேட்கும். லோகு ரெண்டாம் நாளே கொறங்காட்டுக்கு வந்து படலைச் சரியாகச் சாத்தினாள். பிழைத்துக்கொள்வாள்.

கொழுந்தனார் குட்டி கேட்க வந்ததை உனக்கு எழுதவே இல்லை. படலுக்கு வெளியே நின்றார்.

"நங்கையா, குட்டி வேணுங்க."

"எத்தனைங்க?"

"பத்துங்க."

"மருந்துக் குட்டி உங்களுக்கு எதுக்குங்க?"

கிளுவை வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நல்ல குட்டிதானுங்க வேணும்" என்றார். மோர் கொடுத்தேன். நீ சொன்னதற்காக.

இனி விருந்து. ஒரு வருசம் ரெண்டு மாசம் நான் காத்திருந்த நாள். விடிவதற்குள் குளித்து, பச்சைப் பட்டு கட்டி, சிவப்புக் கயிற்றுக் கிடாயையும் குளிப்பாட்டி நெற்றியில் மஞ்சள் வைத்துக் கூட்டிப் போனேன். அதுவும் கேட்கட்டும் என்று பந்தல் காலில் கட்டினேன். முன்வரிசையில் நீ. உனக்குப் பின்னால் சந்தை ஆட்கள். ஓரத்தில் ரசாக் பாய். கொழுந்தனார் எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஹலோ" என்றார்.

மைக் கீச் என்று கத்தியது. கிடாய் பந்தல் காலை ஆட்டிக் கயிற்றை அறுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடியது. நான் பின்னால் ஓடினேன். காங்கயம் ரோட்டுப் பாலத்துக்குக் கீழே பிடித்தேன். திரும்பி வந்தபோது பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

சொன்னாரா என்று கேட்டேன். "சொன்னாருங்க, நல்லாச் சொன்னாருங்க" என்கிறார்கள். எப்படிச் சொன்னார் என்று கேட்டால் கறி பஞ்சாட்டம் வெந்திருந்தது என்கிறார்கள். ரசாக் பாயும் அப்படித்தான் சொன்னார்.

நீதான் உதட்டைப் பார்த்துப் படிப்பவள். நேர் எதிரே உட்கார்ந்திருந்தாய். மூன்று வரியும் சொன்னாரா, எந்த வரியில் தலை குனிந்தார், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுது. கார்டில் வேண்டாம், கவரில் எழுது. நான் அதைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன்.

முட்டி எப்படி இருக்கிறது?
காளி


சூலூர்
8.9.2025

கண்ணு காளிக்கு. முட்டி பரவாயில்லை. உன் கடிதம் கிடைத்தது. மைக் அவர் வாயை மறைத்துக்கொண்டிருந்தது. மற்றபடி எல்லாரும் சுகம்.

தெய்வாத்தாள்